சித்தப்பா கை பட்ட வண்டிகள்

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட நாங்கள் பொழியூர் கடற்கரையில் போய் நின்றோம். வண்டியை ஓட்டியவர் சித்தப்பா. பாறசாலையிலிருந்து வடக்கே நேராகப் போகும் நெடுஞ்சாலையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தப்பாது. அன்று எங்கோ ரோடு வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, தனக்குத் தெரிந்த குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்.

வழியில் அம்மா பின்சீட்டிலிருந்து, "தம்பி, யாரிட்டயாவது ஒருக்கா கேட்டுட்டுப் போவோமே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாத்த வழியா மைனி?" என்றார்.

காற்றில் கருவாட்டு வாசம் வந்தது. பிறகு தென்னைகள் விலகின. முன்னால் கடல். சித்தப்பா வண்டியை நிறுத்தினார், இறங்கினார், கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கல்யாணம் எண்ணைக்கும் உண்டு. கடல் பாக்கண்டாமா? அதுக்காக்கும் இந்த வழி பிடிச்சேன்."

அப்பா சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை. பளபளப்புத் தாள் சுற்றிய பரிசுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, பட்டுச் சேலையும் செருப்புமாக மணலில் நின்றாள். நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

சித்தப்பா என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த இடுப்புக் கைதான். என் அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு பலா மரம் மட்டும். நான் படித்து முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த காலம் வரைக்கும் அவர் வாயிலிருந்து 'நான் செய்தது தப்பு' என்று ஒரு சொல் வந்து கேட்டதில்லை. அவர் வைத்த மீன்குழம்பில் உப்புக் கூடினால், "இந்தக் கம்பெனி உப்புக்கு வீரியம் கூடுதல்" என்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் சபைக் கோவில் கோபுரத்தில் கட்டிய நட்சத்திரம் பட்டென்று வெடித்து அணைந்து, பாட்டுக்காரர்கள் இருட்டில் நின்றபோது, கரண்டு ஆபீஸ்காரனுக்கு வோல்டேஜ் அளக்கத் தெரியவில்லை என்றார். சித்தி ஒரு தடவை அம்மாவிடம் சொன்னாள்: "கல்யாணம் கழிஞ்ச நாளு தொட்டு அந்த வீட்டுல தப்பெல்லாம் எனக்கு ஒருத்திக்காக்கும் அக்கா வருகது."

சண்டைக்காரர் இல்லை. கஞ்சரும் இல்லை. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் வண்டி எடுப்பது அவர்தான். வேலை செய்யும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். பாறசாலையில் நெடுஞ்சாலை ஓரம் ஒற்றை ஷட்டர் கடை. வண்டிகளுக்கு ஹார்ன், பேட்டரி, செல்ஃப், லைட்டு. வேலை முடிந்ததும் பானெட்டை ஒரு தட்டு தட்டி மூடிவிட்டு, "எனக்க கை பட்டது கெடாது, கேட்டியா" என்பார். அந்தத் தட்டுக்கும் அந்தச் சொல்லுக்குமாகவே ஆட்கள் வந்தார்கள்.

வெள்ளறடை, பனச்சமூடு பக்கத்துச் சாலைகள் ரப்பர்த் தோட்டங்களுக்குள் வளைந்து வளைந்து போகிறவை. மழைக்காலத்தில் நடுப்பகலிலேயே இருட்டும். வண்டியோடு வரும் மஞ்சள் வெளிச்சம் அடுத்த வளைவு வரைக்கும் எட்டாது. அதனால் ஒரு சமயம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வெள்ளை ஹெட்லைட் பைத்தியம் பிடித்தது. கூடுதல் சக்தியுள்ள லைட்டுகளை வெளியே வாங்கிக்கொண்டு வந்து மாட்டித் தரச் சொல்வார்கள். மற்ற கடைகளில் வண்டியைக் காலையில் விட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும். சித்தப்பா எதிர்க்கடையிலிருந்து ஒரு டீ சொல்லுவார். கிளாஸை மதில் மேல் வைப்பார். டீ ஆறுவதற்குள் லைட்டு எரியும். மிச்ச டீயை எல்லோரும் பார்க்க ஒரே மடக்காகக் குடிப்பார். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். நானும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் சித்தப்பா என்று பெருமையாக இருந்திருக்கிறது.

அந்த வேகத்தின் சூத்திரம் எனக்கு அப்போது தெரியாது. பின்னால் எனக்கும் ஊருக்கும் சேர்ந்தே தெரிந்தது. பெரிய லைட்டுக்குப் பழைய மெல்லிய வயர் தாங்காது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று புதிதாக இழுக்க வேண்டும். அதை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதுதான் வேலையே. என்ஜின் சூட்டை விட்டு விலகி, மட்கார்டு ஓரமாகச் சுற்றி, தகரம் உரசாதபடி உறை போட்டு, ஆடாமல் கிளிப் வைத்துப் பிடித்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைக்க வேண்டும். அது சுற்று வழி. சித்தப்பாவுக்குக் குறுக்கு வழிதான் பிடிக்கும். பேட்டரியிலிருந்து நேராகக் குறுக்கே இழுத்து, கண்ணில் படாமல் கீழே செருகிவிடுவார். கண்ணில் படாத அந்த இடம் பல வண்டிகளில் கொதிக்கும் புகைக்குழாய் போகும் பக்கம். ஃபியூஸும் வைக்க மாட்டார். "ஃபியூஸு வைக்கியது கையில நம்பிக்கை இல்லாத்தவனாக்கும்" என்பார்.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற, எல்லோரும் பிள்ளை என்றே கூப்பிடும் ஒருவர் நெய்யாற்றின்கரையில் இருந்தார். பழைய வசதியான குடும்பம். அவர் வண்டிக்கும் சித்தப்பாதான் லைட்டு மாட்டியிருந்தார். மாட்டி ரொம்ப நாளாகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் பிறந்த குழந்தையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. நிறுத்தி எல்லோரையும் இறக்கினார். வெறுங்கையால் பானெட்டைத் தூக்கப் போய் உள்ளங்கை வெந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வண்டி மட்டும் கண்முன்னே எரிந்து கூடாக நின்றது.

மறுநாள் சித்தப்பாவும் அப்பாவும் போய்ப் பார்த்தார்கள். எலி வயரைக் கடித்திருக்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம். சித்தப்பா கருகிய கூட்டுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாராம். புகைக்குழாயோடு உருகி ஒட்டியிருந்த ஒரு துண்டுச் செம்பை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாராம். நிமிர்ந்து, "எலியாக்கும்" என்றாராம். அப்பா இதையெல்லாம் சாதாரணமாகத்தான் வீட்டில் வந்து சொன்னார். எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு மதில் மேல் டீ கிளாஸ் இல்லை. சித்தப்பா போகிற வருகிற பழைய வாடிக்கைக்காரர்களை வழிமறித்தார். "புதுசாட்டு ஒரு உறை வந்திருக்கு. வண்டியக் கொண்டு வா, சும்மா போட்டுத் தாறேன்." சிலர் கொண்டு வந்தார்கள். ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். யாரும் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. சித்தி, "சும்மா எதுக்கு செய்யுகிய?" என்று கேட்டதற்கு, "பரஸ்யமாக்கும், கடைக்கு ஒரு வெளம்பரம். ஒனக்கு வியாபாரம் அறியாது" என்றார். சும்மா என்ற சொல்லே பலருக்குச் சந்தேகமாக இருந்தது. "லைட்டு நல்லாத்தான எரியுது, பின்ன எதுக்குப் பிரிக்கணும்?" என்று சொல்லி நழுவினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரே கோவிலில் உட்கார்ந்தவர்கள்.

அறுப்பின் பண்டிகை நாள். கோவில் முற்றம் முழுக்க வண்டிகள். பக்கவாட்டில் வாழைக்குலையும் சேம்பும் கோழியும் ஏலத்துக்குக் குவிந்து கிடந்தன. நான் பாடகர் வரிசையில் இருந்தேன். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வெளியே கூச்சல் கேட்டது. "பேட்டரி கள்ளன்! பிடி! பிடி!" அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் நின்ற வண்டிகளிலிருந்து பேட்டரிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஆண்கள் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். போதகர் வேதத்தை மூடினார். பெண்கள் நாங்களும் வெளியே வந்தோம்.

இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு கையாகச் சித்தப்பாவைப் பிடித்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டை கிழிந்து தொங்கியது. சபைப் பொருளாளரின் வண்டி பானெட் திறந்து நின்றது. பேட்டரியின் ஒரு முனை கழற்றப்பட்டிருந்தது. ஸ்பேனர் மண்ணில் கிடந்தது.

பொருளாளர் அவரை அறியாதவர் அல்ல. "என்னவாக்கும் இது? எதுக்கு எனக்க வண்டியத் திறந்தே?" என்று கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. சித்தப்பா ஒரு காரணம் சொல்வார், எல்லோரும் கலைந்து உள்ளே போகலாம் என்றுதான் எல்லோரும் காத்திருந்தோம். எதற்கும் காரணம் வைத்திருக்கும் மனிதர்.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்து வாசலில் முக்காட்டை இழுத்துக்கொண்டு சித்தி வந்து நின்றாள். அவளையும் பார்த்தார்.

"பேட்டரிக்காக்கும்" என்றார்.

அப்பா முன்னால் போனார். "எலே, என்னலே சொல்லுக?"

"பேட்டரி எடுக்க வந்தேன் அண்ணா."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். கூட்டத்தில் ஒருத்தி, "அய்யோ, நாணக்கேடு" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

போலீசுக்குப் போகவில்லை. கமிட்டி கூடி, மறு அறிவிப்பு வரைக்கும் அவருக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்று முடிவு செய்தது. அடுத்த வாரம் திருவிருந்தின்போது வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எங்கள் வரிசை முறை வந்ததும் நாங்கள் எழுந்தோம். சித்தப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் சித்தியும் எழவில்லை. அவளுக்குத் தடை ஒன்றும் இல்லை. போதகரே கண்ணால் கூப்பிட்டும் அவள் அசையவில்லை.

அவமானம் பெரிய பெரிய சொற்களாக வரவில்லை. கைப்பைகளாக வந்தது. சித்தி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இருக்கிற பெண்கள் பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். யோசித்துச் செய்ததாகக்கூட இருக்காது. கை தானாகப் போகும். என் பக்கத்திலும் அது நடந்தது. நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எழுத்து ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறினால் இறங்கிவிடலாம் போலிருக்கும்.

இதில் எனக்கு இன்றுவரை சீரணிக்காத விஷயம் ஒன்று உண்டு. கடைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று காவல் காத்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் அவர் காதுபடவே பக்கத்து ஆளிடம் சொன்னாராம்: "கள்ளனானாலும் கை கொள்ளாம், வேலையில குத்தம் சொல்ல முடியாது." அன்று மத்தியானம் சித்தப்பா வீட்டுக்கு வந்து அதைச் சித்தியிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்ததாம். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். "எனக்கு ஒரே பேடியும் பயமுமாப் போச்சு பிள்ளே. எந்த மனுசனுக்காவது கள்ளன்னு கேட்டா பசி எடுக்குமா?" என்று சித்தி என்னிடம் கேட்டாள்.

காவல் நிற்கிறவர்கள் வண்டியின் பழைய லைட்டுப் பக்கம் அவர் கை போனால், "அது வேண்டாம், சொன்ன சோலிய மட்டும் பாரு" என்றார்கள். அதனால் சில வண்டிகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று பள்ளிக்கூட வேன். பனச்சமூட்டுப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். அதை ஓட்டியவள் ஒரு பெண். புருஷன் இறந்துபோன பிறகு அவன் வேனைத் தானே எடுத்து ஓட்டியவள், எங்கள் பக்கத்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது. சித்தப்பா அவளை முன்பே கூப்பிட்டிருக்கிறார். கோவில் சம்பவத்துக்குப் பிறகு மறுபடி கேட்டபோது, "எனக்க வண்டிப் பக்கம் வந்தா கைய ஒடிப்பேன்" என்றாளாம்.

வெள்ளறடையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு நானும் சித்தியும் சித்தப்பாவும் பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்தான். ஆனால் வானம் கறுத்து, மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே குடைக்குள் சித்தியும் நானும் நெருங்கி நின்றோம். சித்தப்பா டீக்கடை இறவாரத்தின் கீழே தள்ளி நின்றார். அந்த நாட்களில் அவர் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த வேன் இறங்கி வந்தது. ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. அத்தனை மழையிலும் எங்கள் கால்வரைக்கும் வெள்ளையாக வெளிச்சம். ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள். சித்தப்பா மழையில் இறங்கி ஓடினார். சாலை நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

வேன் கிறீச்சிட்டு நின்றது. அவள் தலையை வெளியே நீட்டினாள். "வழிய விட்டு மாறு வே! பிள்ளைகள் இருக்குவு, தெரியல்லியா?"

"ஓஃப் செய்! வண்டிய ஓஃப் செய்! பிள்ளைகள இறக்கு!"

"குடிச்சிருக்கியா? மாறு கள்ளா, வண்டிய மேல கேத்திருவேன்!"

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் சித்தப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தான். இன்னொருவன் மலையாளத்தில் திட்டினான். சித்தப்பா பானெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இழுத்தால் வரவில்லை. குடையை என் கையில் திணித்துவிட்டு சித்தி நனைந்துகொண்டே ஓடினாள். "விடுங்க, வாங்க, மானம் போகுது, வாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்தாள்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"அது நான் போட்ட வயராக்கும். தப்பாட்டுப் போட்டிருக்கேன்."

யாருக்கும் புரியவில்லை. பிடித்திருந்தவன் பிடித்தபடியே நின்றான்.

"சூட்டு மேல போட்டிருக்கேன். ஃபியூஸு இல்ல. நெய்யாற்றின்கர பிள்ளைக்க வண்டி எரிஞ்சது எலி கடிச்சில்ல. எனக்க சோலியாக்கும் அது. நான் கள்ளன் இல்ல. கோயில்ல நான் பேட்டரி எடுக்கப் போகல்ல. அந்த வண்டியிலயும் இதே வயர மாத்திப் போடத்தான் போனேன். எனக்க கை தப்பு. தயவு செஞ்சு பிள்ளைகள இறக்கு."

முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. வேனுக்குள் அவள் சாவியைத் திருப்பினாள். லைட்டு அணைந்ததும் சாலை இருண்டது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி, டீக்கடை இறவாரத்தின் கீழே நிறுத்தினார்கள். சித்தி புத்தகப் பைகளைத் தூக்கினாள். அதன் பிறகு வேன்காரி தானே வந்து பானெட்டைத் திறந்தாள். டீக்கடைக்காரர் டார்ச் அடித்தார். சித்தப்பா விரலால் காட்டினார். கறுப்பு வயர் ஓரிடத்தில் பழுத்த இலைபோல நிறம் மாறி, தோல் உருகி, உள்ளே செம்பு மினுங்கியது. குழாய் அதற்கு விரல்கடைத் தூரத்தில் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒமக்கு இது எண்ணைக்குத் தெரியும்?"

"பிள்ளைக்க வண்டி எரிஞ்ச அண்ணு."

"அதுக்குப் பொறவு எத்தன மழ பெய்ஞ்சு?"

இறவாரத்தின் கீழே ஒரு சின்னப் பெண் தன் சடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டீக்கடைக்காரரிடம் ஒரு குறடு வாங்கி, பேட்டரியிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டார். மறுநாள் வேனை அவளே கடைக்குக் கொண்டு வந்து நிறுத்தி, ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சுற்று வழியாக வயரை இழுத்து, உறை போட்டு, கிளிப் அடித்து, ஃபியூஸ் வைத்தார். ஒவ்வொன்றையும் அவள் கையால் இழுத்துப் பார்த்தாள். முடிந்ததும் பானெட்டை அவள்தான் மூடினாள்.

அதற்கு முந்தின சாயங்காலம், பனச்சமூட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், சித்தி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈரச் சேலையோடு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பம் நீங்க கள்ளன் இல்ல."

"இல்ல."

"பின்ன எதுக்காக்கும் சொன்னிய? நான் அத்தன பேருக்க கைப்பைக்கும் எடையில இருந்தது எதுக்காக்கும்?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கள்ளன்னு சொன்னா எல்லாரும் கொஞ்ச நாளு சொல்லுவினும், பின்ன மறந்துருவினும். கை கொள்ளாது, வேலை அறியாதுன்னு சொன்னா... பின்ன நான் யாராக்கும்?"

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பம் நான் யாரு?" என்றாள். பின்சீட்டில் இருந்த எனக்குப் பாறசாலை வரும்வரை இருவர் முதுகையும் பார்க்க மனம் வரவில்லை.

அவர் கணித்தது சரியாகத்தான் இருந்தது. திருவிருந்துத் தடையைக் கமிட்டி நீக்கியது. பொருளாளர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பைகள் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தன. மீதி வண்டிகளைச் சிலர் அவரிடமே கொண்டு வந்து மாற்றிக்கொண்டார்கள், சிலர் வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு சரி. அதன் பிறகு ஒரு ஹார்ன் மாட்டக்கூட யாரும் வரவில்லை. திருடனிடம் காவல் நின்று வேலை வாங்கிக்கொண்ட ஊர், தப்பாகச் செய்தேன் என்று சொன்னவனின் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சித்தப்பா சில மாதம் ஷட்டரைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு கடையை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் பெயின்ட் கடையில் நின்றார். அங்கேயும் இஸ்திரி போட்ட சட்டைதான். சில வருடங்கள் கழித்து மாரடைப்பில் போனார்.

ஆனால் அவரை நினைக்கும்போது கடைசியில் நான் வந்து நிற்பது அவர் சாவில் அல்ல. பனச்சமூட்டில் அது நடந்த மறு ஞாயிறு நாங்கள் போன, நெய்யாற்றின்கரைப் பிள்ளையின் வீட்டில். கூட வரச் சொல்லி அப்பாவையும் சித்தியையும் சித்தப்பா கூப்பிட்டார். சித்தி, "நான் கேட்டதே போதும்" என்று சொல்லிவிட்டு என்னை அனுப்பினாள்.

பிள்ளை வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். சித்தப்பா உட்காரவில்லை. நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் சொன்னார். குறுக்கு வழியையும் குழாயையும் ஃபியூஸையும் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் செம்பைச் சுரண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டே எலி என்று சொன்னதையும் விடவில்லை. குரல் வர வரத் தேய்ந்து, கடைசி வாக்கியம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிள்ளை தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் அங்கே இன்னும் வேறு நிறமாக இருந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். மெலிந்த அம்மாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சித்தப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எலி இல்லியா?"

"இல்ல அம்மா."

"கார் ஷெட்டுல நான் கொப்பரைச் சாக்கு அடுக்கி வச்சிருந்தேன். அதுக்கு வந்த எலின்னாக்கும் இவிய சொன்னது. எனக்க ஆசைதான் பச்சப்பிள்ளைய எரிக்கப் பாத்ததுன்னு சொன்னாரு. ஒரு தடவ இல்ல. சோறு வெளம்பும்போ சொன்னாரு. விருந்து வந்தா சொன்னாரு. மருமகன் வீட்டுக்காரிய அதக் கேட்டுட்டு, எலி கெடக்க வீட்டுக்குப் பிள்ளைய விடமாட்டோம்ன்னுட்டினும். பேரனுக்குப் பல்லு வந்தத நான் போட்டோவுலயாக்கும் பாத்தேன்."

"அம்மா..." என்றார் சித்தப்பா.

"அம்மா வேண்டாம். இப்பம் சொன்னத ஒருக்கா கூடி சொல்லும். ஒறக்கச் சொல்லும். இவியளுக்குக் காது கொஞ்சம் கம்மி."

பிள்ளை நாற்காலியில் அசைந்தார். "எனக்குக் கேட்டாச்சு" என்றார்.

"ஒங்களுக்கு இல்ல" என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே. "எனக்குக் கேக்கணும்."

சித்தப்பா தலையை நிமிர்த்தினார். "எலி இல்ல. எனக்க தப்பாக்கும்" என்றார்.

"கேக்கல்ல."

"எலி இல்ல! எனக்க தப்பாக்கும்!"

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அப்பா அவர் கையைப் பிடித்து, "போதும்லே, வா" என்றார். சித்தப்பா கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கி முற்றத்துக்குப் போனார். அந்த ஜன்னலைப் பார்த்து நின்று, இன்னொரு தடவை சொன்னார்.